சாமி மாடத்தில் இருந்த மாத்திரை

கல்யாணமாகி எனக்கு விழுந்த முதல் அடி ஒரு தும்மலுக்காக விழுந்தது. இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அடி வாங்கிய கன்னம் என்னுடையது.

எழுபதுகளின் தொடக்கம். எலப்புள்ளிக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி என் வீட்டுக்காரருக்குத் தோட்டமும் வயலும் இருந்தன. அவருக்கு அப்பா இல்லை. வீட்டில் அவர், அவருடைய அம்மா, நான், நான்கு மாடுகள். வாய்க்காலில் ஒரு மதகு. அந்த மதகைத் திறப்பதில் அவருக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும் பல வருடமாகத் தகராறு, சித்தூர் கோர்ட்டில் வழக்கு. முறைத் தண்ணீர் திறக்கப் போகும்போது இரண்டு பேருமே மண்வெட்டியை மண் வெட்டுவதற்காக மட்டும் எடுத்துப் போகவில்லை.

அது மார்கழி. எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் மாதம். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டு வாசலில் இறங்கினார். நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். வாளையார்க் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காற்று மார்கழியில் எங்கள் பக்கத்தில் ஓயவே ஓயாது. பனையோலைகள் விடாமல் சடசடக்கும், கூட்டக் கூட்டப் புழுதி திரும்ப வந்து முகத்தில் அப்பும். எனக்கு ஒரு தும்மல் வந்தது. ஒன்றே ஒன்று.

அவர் நின்றார். திரும்பி வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி போனார். ஒற்றைத் தும்மலுக்குப் பரிகாரம் அதுதான். வழக்கமாக அதோடு விட்டுவிடும். அன்றைக்கு விடவில்லை. உச்சிப்பொழுதில் இரண்டு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பெரியப்பா மகனின் மண்வெட்டிக் காம்பு அவருடைய இடது காதுக்கு மேலே இறங்கியிருந்தது. சட்டை முழுக்க ரத்தம். மாமியார் மஞ்சள்பொடியை அள்ளிக் காயத்தில் அப்பினார். நான் துணி கிழித்துக்கொண்டு ஓடினேன். அவர் எழுந்தார். காதைப் பொத்தியிருந்த அதே கையை எடுத்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். என் கன்னத்தில் ஒட்டியிருந்தது அவருடைய ரத்தம்.

"உன்ற மூக்குதான்டி என்ற மண்டைய ஒடச்சுது" என்றார்.

எனக்கு வலித்ததைவிட ஆச்சரியமாகத்தான் இருந்தது. அடித்தவனை விட்டுவிட்டுத் தும்மியவளை அடிக்கிற நியாயத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எங்கள் அப்பா வீட்டில் பிள்ளைகள் தும்மினால் "நூறு" என்பார்கள், நூறு வயது இருக்கவேண்டும் என்று. இரண்டாவது தும்மினால் "இருநூறு". ஆறு பிள்ளைகளும் தும்மித் தும்மி அந்த வீட்டில் ஆளுக்கு ஆயிரம் வயது சேர்த்து வைத்திருந்தோம்.

அங்கே எப்போதாவது தும்மிக்கொண்டிருந்த எனக்கு இங்கே வந்தபிறகு மூக்கு திறந்துகொண்டது. விடியற்காலையில் ஆரம்பிக்கும். மூக்கு நமநமவென்று அரிக்கும், கண் அரிக்கும், தொண்டைக்குள் அரிக்கும். பிறகு தண்ணீராக ஒழுகும். சோளத்தட்டு நறுக்கும்போது பறக்கிற சொங்கும், மாட்டுக்கொட்டகைத் தூசியும், அந்தக் காற்றும் சேர்ந்து செய்த வேலை அது என்று இப்போது தெரியும். அப்போது என் வீட்டில் தெரிந்தது ஒன்றுதான். மருமகள் வாசல் பார்த்துத் தும்முகிறாள்.

சேர்ந்தாற்போல இரண்டு வந்தால் நல்ல சகுனம் என்று விட்டுவிடுவார்கள். என் மூக்குக்கு அந்த இங்கிதம் கிடையாது. ஒன்று வரும், நிற்கும், அவர் படி இறங்கியதும் அடுத்தது வரும். ஈர்க்குச்சியை மூக்கில் விட்டு இரண்டாவது தும்மலை நானே வரவழைக்கப் பார்த்திருக்கிறேன். வராது. அவர் கிளம்புகிற நேரத்தில் என்னை மாட்டுக்கொட்டகைக்குப் போய் நிற்கச் சொன்னார் மாமியார். அங்கே வைக்கோல் தூசி. என் தும்மல் வாசல்வரை கேட்கும். அவர் கையில் இருப்பது எதுவோ அது பறந்து வரும். ஒருமுறை சொம்பு, ஒருமுறை மாடு ஓட்டுகிற தார்க்குச்சி, ஒருமுறை செருப்பு. செருப்பு வந்தால் அன்றைக்கு அவர் வெறுங்காலோடு போயிருக்கிறார் என்று அர்த்தம். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அடுத்த புரட்டாசியில் அப்பா வீட்டில் எனக்குப் பெண் பிறந்தாள். மூன்று மாதக் கைக்குழந்தையோடு நான் திரும்பி வந்தபோது மறுபடியும் மார்கழி. காற்று எனக்காகவே காத்திருந்தது. வழக்கு கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. என் வீட்டுக்காரரின் நிதானமும் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. வந்த முதல் வாரத்திலேயே, பிள்ளை மடியில் இருக்கும்போதே, ஒரு தும்மலுக்கு என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். குழந்தையின் மேல் விழாமல் இருக்க நான் முதுகைக் கொடுத்தேன்.

மறுநாள் அவரே பாலக்காட்டுக்குப் போய் ஒரு மருந்துக் கடையில் கேட்டு, தவிட்டு நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்றை வாங்கிவந்தார். உள்ளே மிளகு அளவில் மஞ்சள் மாத்திரைகள். என்னைக் கூட்டிப்போகவில்லை. அதனால் எனக்கு என்ன செய்கிறது, நான் பால் கொடுக்கிறவளா என்று யாரும் கேட்கவில்லை. புட்டியைச் சாமி மாடத்தில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் வெளிய போறப்ப ஒண்ணு முழுங்கணும். அப்பிடித்தான் சொன்னாங்க" என்றார்.

பொய் சொல்லக்கூடாது, முதல் மாத்திரை எனக்கு அமிர்தமாக இருந்தது. அரை மணி நேரத்தில் மூக்கு அரிப்பு நின்றது. கண் அரிப்பு நின்றது. ஒரு வருடமாக என் முகத்துக்குள் குடியிருந்த எறும்புப் புற்று காலியானது. அவர் கோர்ட்டுக்குப் போனார், நான் தும்மவில்லை. அன்றைக்கு எதிராளியின் சாட்சி உளறிவிட்டான் என்று சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு மல்லிகைப்பூ வாங்கிவந்தார். கல்யாணத்துக்குப்பிறகு அவர் வாங்கிவந்த முதல் பூ அது. அன்றைக்கு நான் அந்தப் புட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதிலிருந்து அது ஒரு பூசை முறையாகவே ஆகிவிட்டது. அவர் குளித்துத் திருநீறு பூசுவார். மாமியார் சூடம் காட்டுவார். அவர் புட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை என் உள்ளங்கையில் வைப்பார். நான் விழுங்கி, வாயைத் திறந்து காட்டவேண்டும். அரை மணி கழித்துத்தான் இறங்குவார். அந்தக் கணக்கையும் அவரேதான் கண்டுபிடித்திருந்தார். "மாத்திரை ஆச்சா?" என்று மாமியார் உள்ளேயிருந்து கேட்பார், தீபாராதனை ஆச்சா என்று கேட்கிற அதே குரலில்.

ஒரு நாளைக்கு ஒருமுறை வெளியே போகிற மனிதராக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் விடியற்காலையில் மதகுக்குப் போவார். பிறகு சந்தைக்கு, அல்லது வக்கீலைப் பார்க்க. மத்தியானத்துக்குமேல் மறுபடி வயலுக்கு. பொழுது சாய்கையில் கள்ளுக்கடைக்கு. கள்ளுக்கடைக்குப் போவதற்கு எதற்கு நல்ல சகுனம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனாலும் அதற்கும் ஒன்று. ஆக நாலு, சில நாள் ஐந்து.

நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஊசியில் நூல் கோக்கமுடியாமல் கண் மங்கியது. ஒன்றுக்குப் போய் உட்கார்ந்தால் வருவதற்கு நேரமாகும். எல்லாவற்றுக்கும் மேலே தூக்கம். அது ராத்திரி வருகிற தூக்கமில்லை. நின்றுகொண்டிருக்கும்போது யாரோ பின்னாலிருந்து தலையில் நனைந்த கம்பளியைப் போட்டதுபோல விழும். அடுப்பில் விறகைத் தள்ளும்போது விழும். கிணற்றுமேட்டில் குடத்தோடு நிற்கும்போது விழும். கிணற்றில் விழாமல் நான் உயிரோடு இருப்பது என் சமர்த்து அல்ல.

ஒருநாள் உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தேன். உலக்கையைத் தூக்கியது ஞாபகம் இருக்கிறது. இறக்கியது ஞாபகம் இல்லை. வலது கால் கட்டைவிரல் மேல் இறங்கியிருந்தது. நகம் நசுங்கி ரத்தம் குபுகுபுவென்று வந்தபிறகுதான் விழித்தேன். வேலை நேரத்தில் தூங்கியதற்காக அன்று தார்க்குச்சியால் முதுகில் நாலு வாங்கினேன். தும்மினாலும் அடி, தூங்கினாலும் அடி. தும்மாமலும் தூங்காமலும் இருக்க ஒரு மாத்திரை யாராவது கண்டுபிடித்தால் அதையும் அந்த மாடத்தில்தான் வைத்திருப்பார்கள்.

பால் வற்ற ஆரம்பித்தது. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். மாமியார் பசும்பாலில் தண்ணீர் கலந்து பாலாடைக் கிண்ணத்தில் புகட்டினார். "சாப்பிடற சோறு எங்கடி போகுது?" என்று என்னைக் கேட்டார். மாத்திரையால் இருக்குமோ என்று நான் ஒருமுறை வாயைத் திறந்தேன். "தும்மறதுக்குச் சாக்குத் தேடாதே" என்றார்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. அவர் திருநீறு பூசி, எனக்கு மாத்திரை கொடுத்து, அரை மணி உட்கார்ந்து, படி இறங்கினார். தொட்டிலிலிருந்து ஒரு தும்மல் வந்தது. சின்னத் தும்மல். பூனைக்குட்டி தும்மினால் அவ்வளவுதான் இருக்கும். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். பிறகு மூன்று பேரும் தொட்டிலைப் பார்த்தோம். என் மகள் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். அவள் நல்ல நேரம், அடி வாங்குகிற வயது அவளுக்கு இன்னும் வரவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். அம்மாவும் மகனும் அடுக்களையில் ஏதோ பேசினார்கள். எனக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. நான் கேட்கவில்லை. அன்றைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கவேண்டும் என்று நான் நினைக்காத வருடம் கிடையாது.

அடுத்த மூன்று நாளும் குழந்தை அழவில்லை. பால் இல்லாமலே பிள்ளை சமாதானமாகிவிட்டாள் என்று நான் நிம்மதிப்பட்டேன். என்னைப் போல ஒரு மடைச்சி உண்டா?

திங்கட்கிழமை வழக்கில் தீர்ப்புச் சொல்லும் நாள். ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. ஒன்பதுக்குமேல் இறங்கி சித்தூர் போவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கு நான் குழந்தையைத் தூக்கினேன். தலை என் கைக்கு வெளியே துவண்டு விழுந்தது. முகம் செக்கச்செவேலென்று கொதித்தது. உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. இமையை விலக்கிப் பார்த்தேன். கருமணி கண் முழுக்கப் பரவியிருந்தது, என்னை அது பார்க்கவில்லை. கூப்பிட்டேன், கன்னத்தைத் தட்டினேன், காலைக் கிள்ளினேன். ஒரு கை மட்டும் வெடுக்வெடுக்கென்று துடித்தது.

பக்கத்தில் உரைகல் இருந்தது. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுப்பது தினப்படி வழக்கம். வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய் எல்லாவற்றையும் கல்லில் தாய்ப்பால் விட்டு இரண்டிரண்டு இழைப்பு இழைத்து நாக்கில் தடவுவார்கள். அந்தக் கல்லின் நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம் இருந்தது. பாலாடையின் மூக்கிலும் அதே மஞ்சள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். அந்தக் கசப்பு எனக்குத் தெரியும். ஒரு மாதமாக நாலு வேளையும் ருசித்த கசப்பு.

மாமியாரைக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க ஏதும் இருப்பதாகவே அவர் நினைக்கவில்லை.

"ஒரு மாத்திரைதான் ஒரசிக் குடுத்தேன். மூணு நாளாக் குடுக்கறேன். இன்னைக்குத் தீர்ப்பாச்சேன்னு விடியால ரெண்டு ஒரசுனேன். அவன்தான் குடுக்கச் சொன்னான். கொழந்தைக்கும் உன்ற மூக்குத்தானே?"

நான் குழந்தையை மாரோடு சேர்த்துச் சேலையால் கட்டினேன். சாமி மாடத்திலிருந்து புட்டியை எடுத்து மடியில் செருகினேன். வாசலுக்கு வந்தேன். அங்கே வெள்ளை வேட்டி, திருநீறு, தோளில் துண்டோடு என் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், பிள்ளைக்கு நினைவில்லை என்றேன். அவர் குழந்தையை எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. ஒரு நொடி அவருக்கும் பயம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிறகு அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒம்போது மணிக்கு நான் எறங்கீர்றேன். அப்பறம் நீ போ. நோவுக்காரப் புள்ளையத் தூக்கிக்கிட்டு ராகு காலத்துல நீ முன்னால எறங்குனா என்ற தீர்ப்பு என்னாகறது?"

"ஒரு மணி நேரம் இவ தாங்கமாட்டாளுங்க. வழிய உடுங்க."

"சொன்னாக் கேளு. அக்கட்டால போ" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் சுவரில் போய் மோதினேன். உலக்கை அந்தச் சுவரில்தான் சாய்த்து வைத்திருந்தது.

அதை நான் யோசித்துச் செய்தேன் என்று பெருமை பேசமாட்டேன். ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறுகையால் உலக்கையை எடுத்து வீசினேன். பூண் போட்ட முனை அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே பட்டது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம் கேட்டது. அவர் நிலைப்படியிலேயே விழுந்தார். என் ஒரு வருடத்து அடி முழுவதும் அந்த ஒரு வீச்சில் இருந்தது. இன்னொன்றும் போட்டிருப்பேன். குழந்தையின் கை துடித்தது. அதனால் விட்டேன். மாமியார் அலறினார். நான் என் வீட்டுக்காரரைத் தாண்டி, ராகு காலத்தில், தும்மிக்கொண்டே இறங்கினேன்.

வாய்க்கால் மேட்டில் ஓடினேன். நசுங்கிய கால்விரல் கல்லில் இடித்து மறுபடி ரத்தம் வந்தது. மதகுக்குப் பக்கத்தில் ஒரு சவாரி வண்டி நின்றது. அதில் ஏறப்போனவர் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன். அவரும் தீர்ப்புக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரின் மண்டையைப் பிளந்த மனிதர். அந்தக் குடும்பத்தோடு நாங்கள் பேசுவதில்லை. ஒரு நொடி நின்றேன். பிறகு சேலையை விலக்கிக் குழந்தையைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். துண்டை உதறி வண்டிக்குள் விரித்தார். "ஏறு அம்மிணி" என்றார். அதற்குமேல் பாலக்காடுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடுகளோடு மட்டும் பேசினார், சாட்டையால். அந்த மாடுகளின் முதுகில் அன்றைக்குக் கோடு கோடாகத் தோல் கிழிந்தது. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. நான் குழந்தையின் மூக்கில் விரலை வைத்தபடியே போனேன். மூச்சு வந்தது, நின்றது, வந்தது. வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது குழந்தைக்கு வலிப்பு வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். மலையாளி, நோயாளிகளிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றவர். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் புட்டியை நீட்டினேன். அதை மட்டும் எடுத்துவர எனக்கு எப்படித் தோன்றியதோ, அதுதான் பாதி வைத்தியம் என்று பின்னால் சொன்னார். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். காலில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் தலையில் குத்தினார்கள். ஈரத்துணியால் சுற்றினார்கள். இரண்டு நாள் நான் தண்ணீர் குடிக்கவில்லை. சாமியை எல்லாம் நான் கூப்பிடவில்லை. எல்லாச் சாமியும் அந்தப் புட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தானே. புதன்கிழமை காலை என் மகள் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, வீரிட்டு அழுதாள். அதற்கப்புறம்தான் நான் அழுதேன்.

அன்றைக்குப் பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் காலில் மூங்கில் பத்தை கட்டிக்கொண்டு, கம்பு ஊன்றி, வார்டு வாசலில் வந்து நின்றார். டாக்டர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு நாளைக்கு நாலைந்து விழுங்கியது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ராத்திரி ஒண்ணு மதி. நாலு ஆரு சொல்லிச்சு?" என்று கேட்டார். ஒன்று போதும் என்கிறார்.

நான் வாசலைக் காட்டினேன். டாக்டர் அவரிடம் போனார். மருந்துக் கடைக்காரர் எப்படிச் சாப்பிடச் சொன்னார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ராத்திரி படுக்கறப்ப ஒண்ணுன்னுதானுங்க சொன்னாங்க" என்றார். பிறகு, அது ஒரு நியாயம் என்று நினைத்து, "நான் ராத்திரியில எங்கயும் போறதில்லைங்களே" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த மாத்திரை என் மூக்குக்காக வாங்கியதே அல்ல. அது அவருடைய பயணத்துக்கு வாங்கியது. படுத்துத் தூங்குகிறவருக்கு ராத்திரியில் சகுனம் எதற்கு? எனக்கு அவர்மேல் அதுவரை இருந்தது பயம். அந்த நிமிடம் அது வெறுப்பாக மாறியது. வெறுப்பு பயத்தைவிட எவ்வளவோ லேசாக இருந்தது.

டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னதெல்லாம் இன்றைக்கும் வரிசை பிசகாமல் நினைவிருக்கிறது. இது விஷமில்லை, தும்மலுக்கு நல்ல மருந்துதான், ஆனால் எண்ணிக்கை மீறினால் மருந்து மருந்தாக இருக்காது என்றார். தூக்கம் வரும், அதனால் இரவில். விழுங்கிவிட்டு அடுப்பு, கிணறு, அரிவாள், மெஷின் பக்கம் போகாதே. கள்ளோ சாராயமோ குடித்தவர் தொடவே கூடாது. பால் கொடுக்கிறவள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது, பாலையும் குறைக்கும், பிள்ளையையும் மயக்கும். கைக்குழந்தைக்கு ஒரு துணுக்குக்கூடக் கூடாது. மாத்திரைக்குத் தும்மல் கேட்கவில்லை என்று தோன்றினால் கூடுதலாக ஒன்று போடாதே, என்னிடம் வா. அதோடு, வாசலைத் தண்ணீர் தெளித்துக் கூட்டு, சோளத்தட்டை வேறு யாராவது நறுக்கட்டும், மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள் என்றார். பிள்ளை பால் மறக்கிறவரை மாத்திரை இல்லாமல் துணியும் தண்ணீருமே எனக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. இத்தனைக்கும் ஒரு மருமகளை யாரும் தண்ணீர் தெளித்துக் கூட்டச் சொல்லவில்லை. மாத்திரை வாங்கப் பாலக்காடுவரை போனார்கள்.

நான் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனேன். போகாமல் என்ன செய்திருப்பேன்? அப்பா வீட்டில் எனக்குப்பின் நாலு பேர் கல்யாணத்துக்கு நின்றார்கள். ஆனால் போன அன்றே உரைகல்லைக் கிணற்றில் போட்டேன். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். மாத்திரைப் புட்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். சாமி மாடத்தில் அது இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

தீர்ப்பு என்னானது என்று கேட்கிறீர்களா? அந்தத் திங்கட்கிழமை நீதிபதி விடுப்பு. மாசியில் வேறு தேதி போட்டிருந்தார்கள்.

அந்தத் தேதியும் வந்தது. அவர் குளித்து, திருநீறு பூசி, பழக்கத்தில் கையை மாடத்தில் வைத்து, வெறும் கையை எடுத்துக்கொண்டார். காலை இன்னும் சாய்த்துத்தான் நடந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்குப் பக்கத்திலேயே நின்றேன். மாட்டுக்கொட்டகைக்குப் போகவில்லை. கிழக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் ஒரு காலைப் படியில் வைத்தார். எனக்குத் தும்மல் வந்தது.

அவர் திரும்பினார். கையில் இருந்த கம்பு தானாக உயர்ந்தது. நான் நகரவில்லை. உலக்கை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. காலையில் நான்தான் அதை அங்கே கொண்டுவந்து சாய்த்திருந்தேன். அவர் உலக்கையைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். கம்பு இறங்கியது. உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

அப்போது என் இடுப்பிலிருந்து என் மகள் தும்மினாள். நான் அவள் நெற்றியில் கை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "நூறு, கண்ணு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ரெண்டாச்சு" என்றார் அம்மாவைப் பார்த்து. இரட்டைத் தும்மல் நல்ல சகுனமல்லவா? எழுந்து செருப்பை மாட்டினார். மாமியார் அவசரமாகத் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்தார். எனக்கு மூக்கு மறுபடி நமநமவென்றது. சேலைத் தலைப்பைக் கடித்து அதை அடக்கியிருக்கலாம். அடக்குவதில் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பழக்கம் உண்டு. நான் தலையை நிமிர்த்தி, வாயை மூடாமல், வாசல் அதிரத் தும்மினேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். அன்றைக்கு அவர் சித்தூருக்குப் போகவே இல்லை. எனக்கு நூறு சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லாததால் நானே சொல்லிக்கொண்டேன்.